சயாம் தேசத்தைப் பற்றி நான் எழுதிய மனு

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மிக நீளமானது பதினொரு பக்கங்கள் கொண்ட ஒரு மனு. சயாம் தேசத்து மக்களின் வாழ்க்கை முறையும், அந்தத் தேசத்தின் அரசாங்கம் நடத்திவந்த பள்ளிக்கூடங்களின் ஒழுங்கும் அதில் விவரிக்கப்பட்டிருந்தன. அந்தத் தேசத்தை நான் கண்டவனல்லன். அந்நாளில் கீரனூரையும் புதுக்கோட்டையையும் விட்டால் திருச்சிராப்பள்ளியை இருமுறை பார்த்திருந்தேன். என் உலகம் அவ்வளவே. ஆயினும் அந்த மனுவில் ஒரு பொய்கூட இல்லை. அப்படிப்பட்ட மனுவினால் ஒரு பெண்மணிக்கு என்ன நேர்ந்தது என்பதை, என் கையில் பலமிருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று இதைத் தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பிற்பாடு கடையில் சாமான் கட்டிக்கொடுக்கும் பழைய பத்திரிகைத் தாள்களையும், கச்சேரிச் சுவரில் ஒட்டப்படும் சமஸ்தான அறிவிப்புகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தே என் தமிழை வளர்த்துக்கொண்டேன். ‘மேன்மை தங்கிய சமூகத்திற்கு’, ‘தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்’ என்பன போன்ற தொடர்கள் எனக்கு மனப்பாடம். ஆகவே இருபத்திரண்டு வயதிலேயே எங்கள் சுற்றுவட்டாரத்தில் கண்மாய் மடை அடைபட்டாலும், சுடுகாட்டுப் பாதையை எவரேனும் உழுதுவிட்டாலும், மனு எழுத என்னைத் தேடி வருவார்கள். நீளமாக எழுதினால்தான் அதிகாரிகள் மதிப்பார்கள் என்பது எங்கள் ஊராரின் உறுதியான நம்பிக்கை. ஒரே பக்கத்தில் முடித்துக்கொடுத்தால், “என்னப்பா, இம்புட்டுத்தானா? சர்க்காருக்குப் போற காயிதம், கொஞ்சம் கனமா இருக்க வேணாமா?” என்று கேட்பார்கள். எனக்கும் வேறு நம்பிக்கை இருந்ததில்லை.

என் தமையனார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜெகதாப்பட்டினத்துப் பக்கம் இருந்து கடல் வியாபாரம் செய்த ஒரு ஜவுளி வியாபாரியோடு பினாங்குக்குப் போய், அங்கிருந்து ரயிலேறித் தென் சயாமுக்குச் சென்றவர். முதலில் துணிமூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றார். பிறகு ஒரு சிறிய ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே, கடை வைத்தார். கீழ்த்திசையில் சண்டை மூள்வதற்கு முந்திய சித்திரையில் நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி வீட்டுக்கு வந்தார். அவருடன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மாது வந்திருந்தார். புடவையை அவர் கட்டியிருந்த விதத்திலேயே அவர் இந்தப் பக்கத்தவர் அல்லர் என்பது தெரிந்துவிட்டது.

“இவுக அங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு. சர்க்கார் உத்தியோகம்” என்றார் தமையனார்.

எங்கள் தகப்பனார் அந்த மாதின் கழுத்தைப் பார்த்தார். பிறகு, “கல்யாணம் எப்ப நடந்துச்சு?” என்று கேட்டார்.

“ஒம்பது வருசமாச்சுங்கய்யா. அவுக ஊரு முறையில. பெரியவுக கையில நூல் கட்டித் தண்ணி ஊத்துனாக.”

“தாலி?”

“அங்கிட்டுத் தாலி கெடையாதுங்கய்யா.”

“அப்பக் கல்யாணமும் கெடையாது” என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். அன்று மாலை பக்கத்து வீட்டார் கேட்டபோது, மகனோடு வந்திருக்கும் விருந்தாளி என்று கூறினார். ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் எங்கள் ஊரில், விளங்கியதை எவரும் வாய்விட்டுச் சொல்லாதவரையில் அது விளங்காததாகவே நடத்தப்படும். அப்பொழுது என் தங்கைக்குக் கீரனூரில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நான் அந்த அம்மையாரை மதினி என்றே அழைத்தேன், வீட்டுக்குள் மட்டும்.

மதினிக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளைத் தம் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குக் காரணம் பள்ளிக்கூடம். சயாமில் எட்டு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தால் பெற்றோருக்குத் தண்டனை உண்டு என்றும், வைகாசியில் பள்ளி திறக்கும்போது வாத்தியார் வீட்டுப் பிள்ளையே வராதிருந்தால் மற்றவர்களுக்கு எந்த முகத்தோடு சொல்வது என்றும் அவர் கூறினார். கோடை விடுமுறையில் மாமியாரைப் பார்த்துவிட்டு ஆறு வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு.

ஆனி மாதத்தில் என் தமையனார் விஷக் காய்ச்சலில் இறந்தார். பதினெட்டு நாள் கிடந்தார். அத்தனை நாளும் அருகிலிருந்து கஞ்சி ஊட்டியவர் மதினி. பிறகு அதே காய்ச்சல் அவரையும் பற்றிக்கொண்டது. அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆவணி ஆயிற்று. தனியாக ஒரு பெண்ணுக்குக் கப்பலில் இடம் கிடைப்பது அந்த நாளில் எளிதாயில்லை. மேல்நாட்டுச் சண்டையினால் கப்பல்களும் குறைந்திருந்தன. நாகப்பட்டினத்துக் கப்பல் கம்பெனிக்கு நான் நாலு முறை எழுதிய பிறகு, கார்த்திகைக் கடைசியில் புறப்படும் கப்பலில் இடம் தருவதாகப் பதில் வந்தது.

இடையில், புரட்டாசியில், அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வரிவரியாகக் கோடு போட்ட தாளில், ஒவ்வோர் எழுத்தும் நெல்லிக்காய் பருமனில் இருந்தது. மதினி அதைப் படித்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “பள்ளிக்கூடம் தெறந்தாச்சாம். புது வாத்தியாரம்மா வந்துருக்காகளாம். அம்மா நாக்காலியில அவுகதான் உக்காருறாகளாம். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வெரசா வரணுமாம்.” தகப்பன் இறந்ததை அவர் மகளுக்கு எழுதியிருக்கவில்லை. மகள் எழுத்தில் கண்டு அழுவதைவிடத் தம் மடியில் இருந்து அழட்டும், தாமே போய்ச் சொல்லிக்கொள்வதாக என் ஆத்தாவிடம் கூறினார்.

கப்பல் புறப்படவேண்டிய வாரத்திலேயே ஜப்பானியர் தென் சயாமின் கரையில் இறங்கினார்கள். கீரனூர்க் காப்பிக் கடையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்து நான்தான் சொன்னேன். “எந்தக் கரை?” என்று கேட்டார். பத்திரிகையில் போட்டிருந்த ஊர்ப் பெயர்களை இயன்றவரை உச்சரித்தேன். மூன்றாவது பெயரில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவர்களுடைய ஊருக்கு அடுத்த ரயில் நிலையம்.

அதன்பின் தபால் இல்லை, கப்பல் இல்லை. மதினி உண்பதும் உறங்குவதும் பேருக்கு நடந்தன. ஒருநாள் முற்பகலில் அவரைக் காணோமென்று தேடிக்கொண்டு போனேன். கீரனூர் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், கையில் ஒரு மூட்டையோடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“எங்கிட்டுப் போறீங்க மதினி?”

“நாகப்பட்டணம்.”

“கப்பல் இல்லைங்க.”

“கடலு இருக்குல்ல” என்றார். மூட்டையை நான் வாங்கியபோது தடுக்கவில்லை. அந்தச் சாலையில் நடந்த ஒன்றரை மைலில்தான் சமஸ்தான நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதுவதென்று நான் தீர்மானித்தேன். எந்த வழியாகவேனும் அவரைத் தம் மகளிடம் அனுப்பிவைக்க வேண்டும், அது இயலாதாயின் ஒரு கடிதமாவது அங்கே சேரும்படி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

தகப்பனார் அதைக் கேட்டதும் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை விதித்தார். “எழுது. ஆனா மருமகள்னு ஒரு எழுத்து அதுல ஏறக்கூடாது. மாப்பிள்ளையோட சித்தப்பா கீரனூர்க் கச்சேரியில சேவகரா இருக்காரு. இங்கிட்டிருந்து காயிதம் எங்க போனாலும் விசாரணைக்கு அந்தக் கச்சேரிக்குத்தான் வரும், அவரு கண்ணுல பட்டுரும். சாதி தெரியாத பொம்பளை இந்த வீட்டு மருமகள்னு தாள்ல இருந்துச்சுன்னா, வைகாசியில ஒன் தங்கச்சிக்குக் கல்யாணம் இல்லை. அவ காலம் முழுக்க ஒன் வீட்டுலதான் இருப்பா. புரியுதா?”

“அப்ப அவுக யாருன்னு எழுதுறதுங்கய்யா?”

“அது ஒனக்குத்தான் தெரியும். நீதானே எழுத்தாளி” என்றார். அதில் ஏளனம் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே நான் வேறொரு வழியைக் கண்டுபிடித்தேன். இன்னார் வீட்டு மருமகள் என்று சொல்ல இயலாவிட்டால், எவ்வளவு பெரிய உத்தியோகத்தர் என்று சொல்லலாம் அன்றோ? ஓர் அரசாங்கம் மற்றோர் அரசாங்கத்தின் ஊழியரை மரியாதையாக நடத்தும் என்று நான் எண்ணினேன். சர்க்கார் உத்தியோகம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்பை வைத்து உலகத்தையே அளந்துவிட்டேன். சயாம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதைப் பத்திரிகையில் படித்தும் இருந்தேன். ராஜாங்கங்களின் சண்டை, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் வரையில் வந்து தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள், களத்து வேப்பமரத்து நிழலில், மதினி சொல்லச்சொல்ல எழுதினேன். என் தமையனாரிடம் கற்ற தமிழாதலால் அவர் எங்கள் ஊர்ப் பேச்சையே பேசினார். ராகம் மட்டும் வேறாக இருக்கும்.

முதல் நான்கு பக்கங்கள் சயாமிய சமூகத்தைப் பற்றியவை. அந்தத் தேசத்தை அயலார் எவரும் ஆண்டதில்லை என்பதும், ராஜா இளவயதினராதலால் வெளிதேசத்தில் படித்துக்கொண்டிருக்க மந்திரிகள் ஆட்சி நடத்துகிறார்கள் என்பதும், குடியானவர் வீட்டிலும் ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு மழைக்காலமாவது துறவாடை பூண்டு பௌத்த விகாரத்தில் வாழ்ந்து திரும்புவான் என்பதும் அவற்றில் அடங்கின. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவதே அங்கே பெரும்பாலும் வழக்கம். சந்தையில் கடை போடுபவர்கள் பெண்கள். நிலமும் பெண்பிள்ளைக்கு உண்டு. அங்கே ஒருவர் தலையை மற்றவர் தொடலாகாது. காலை ஒருவரை நோக்கி நீட்டலாகாது. என் ஆத்தா வாஞ்சையோடு மதினியின் தலையைத் தடவியபோதெல்லாம் அவர் ஏன் உடல் குன்றிப் போனார் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. ஒருநாளும் அவர் ஆத்தாவின் கையை விலக்கியதில்லை.

வெற்றிலையைப் பற்றியும் எழுதினேன். தேசம் நாகரிகமடைய வேண்டுமென்று அங்கே அரசாங்கமே வெற்றிலை போடுவதைத் தடைசெய்திருந்ததாம். வெளியே போகிறவர்கள் தொப்பி அணிய வேண்டுமாம்.

“தொப்பி இல்லைன்னா?” என்று கேட்டேன்.

“கச்சேரிக்குள்ள விடமாட்டாக. எங்க அம்மா வெத்தலையைக் கொல்லையில நின்னு போடும். நான் வாத்தியாரு, பாக்காத மாதிரி போயிருவேன்.” அந்த மூன்று நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மற்ற ஏழு பக்கங்களும், கடைசிச் சில வரிகளில் வந்த கோரிக்கை நீங்கலாக, கல்வியைப் பற்றியவை. முற்காலத்தில் விகாரத்துத் துறவிகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். துறவி பெண்ணைத் தீண்டலாகாது என்பதால் பெண்பிள்ளைகள் வெளியே நின்றார்கள். பிறகு ராஜா சட்டம் போட்டார்: ஆணும் பெண்ணும், ஏழையும் பணக்காரரும், நான்கு வகுப்பு கட்டாயம் படிக்க வேண்டும். பள்ளிக்கூடம் கட்ட வழியில்லாத ஊர்களில் விகாரத்து மண்டபமே பள்ளிக்கூடமாயிற்று. அப்படி ஒரு மண்டபத்தில்தான் மதினி படித்ததும், பின்னர் படிப்பித்ததும். நான்கு வகுப்பு முடித்தவர்களில் வசதியுள்ளவர்கள் பட்டணத்துக்குப் போய் மேலே படிப்பார்கள். மற்றவர்கள் வயலுக்குத் திரும்புவார்கள். இருந்தாலும் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாகத் திரும்புவார்கள். ஆண்டுக்கொரு வியாழக்கிழமை, பிள்ளைகள் அறுகம்புல்லும் கத்தரிப்பூவும் வெட்சிப்பூவும் கட்டி எடுத்துவந்து வாத்தியாரின் முன் வைத்து வணங்குவார்கள். நாள்தோறும் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றித் தேசகீதம் பாடுவார்கள். அந்நேரத்தில் சாலையில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவனாகிய நான் இதையெல்லாம் எழுதும்போது, வாழவேண்டிய தேசம் எதுவென்று அறிந்துகொண்டவனைப் போல் இருந்தேன்.

“எல்லாம் அம்புட்டு நல்லது இல்லை” என்றார் மதினி. “எங்க பக்கத்துல மலாய்ப் புள்ளைக நெறைய. வீட்டுல அவுக பேச்சு. பள்ளிக்கூடத்துல எங்க பேச்சு மட்டுந்தான் பேசணும்னு உத்தரவு. ஆறு மாசம் வாயே தொறக்காம ஒரு புள்ள உக்காந்துருந்துச்சு. நான் அடிச்சேன். மேல இருந்து பாக்க வருவாக, அப்பப் பேசலைன்னா என் பேருதான் கெடும்.” பிறகு, “இப்ப இங்க நான் அந்தப் புள்ள மாதிரி” என்றார்.

அதை நான் மனுவில் சேர்க்கவில்லை. அந்தப் பள்ளிகளின் பெருமைக்கு அது குறைவாகும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் பொறுமையிழந்தார். “இதெல்லாம் எதுக்கு? நான் புள்ளகிட்டப் போகணும். அதை எழுதுங்க.”

“எழுதுவேங்க மதினி. மொதல்ல நீங்க யாருன்னு அவுகளுக்குத் தெரியணும்ல?”

“நான் யாரு? ஒங்க மதினி” என்றார்.

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். தோய்த்த பேனாவால், மேற்படி ஆசிரியை தம் அரசாங்கத்தின் முழு நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் என்ற வாக்கியத்தை எழுதினேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நான் எழுதியது தாம் சொன்னதே என்று அவர் எண்ணியிருப்பார்.

மனுவை ஊரார் நாலு பேர் முன்னிலையில் படித்தேன். “இதை வாங்குற அதிகாரி எந்திரிச்சு நின்னுதாம்ப்பா வாங்கணும்” என்றார் ஒருவர். புதுக்கோட்டைக்கு, பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போய் நானே கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பின் மதினி இரண்டு வேளை உண்டார். தம் பெட்டியைத் துடைத்து, துணிகளை மடித்து அடுக்கினார்.

மாசிக் கடைசியில், ஒரு காலைப்பொழுதில், ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் மாட்டுவண்டியில் வந்தார்கள். முக்கால் ஊரும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. தாம்பூலம் மாற்றும் நாளைப் பற்றிப் பேச வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக் கட்டிலில் அமர்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் என் மனுவைக் கையில் வைத்திருந்தார். “இது நீங்க எழுதுனதா தம்பி?”

“ஆமாங்க” என்றேன். அந்தக் கணத்தில்கூட எனக்குப் பெருமையாகவே இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க. மேல எல்லாரும் படிச்சாக. தமிழ் தெரியாத துரைமாருக்கு இங்கிலீசுல எழுதி வேற குடுத்தாக.” ஒரு பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். “‘நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தம் தேசக்கொடியை ஏற்றி, இளம்பிள்ளைகளின் உள்ளத்தில் தேசபக்தியை ஊன்றும் அரும்பணியைச் செய்தவர்.’ அப்புறம், ‘தம் அரசாங்கத்தின் முழு நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்.’ தம்பி, அந்த அரசாங்கம் நம்ம மேல சண்டை போட்டுக்கிட்டு இருக்கு, தெரியுமா?”

“பேப்பர்ல பாத்தேங்க.”

“பாத்துட்டா இதை எழுதுனீங்க?” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. இரக்கம் இருந்தது, அதுதான் என்னை முதன்முதலில் அச்சுறுத்தியது.

பிறகு அவர் தகப்பனாரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “பெரியவரே, எதிரி தேசத்து ஆளு, அதுலயும் சர்க்கார் ஆளுன்னா காவல்ல வைக்கணும்னு உத்தரவு. ஆனா இவுக காலஞ்சென்ற ஒங்க மகன் சம்சாரம்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அப்படி இருந்தாச் சொல்லுங்க. சமஸ்தானத்து ஆளோட பொஞ்சாதின்னு எழுதிக்கிட்டுப் போறேன். மேல யோசிப்பாக. இங்கயே இருக்க விட்டாலும் விடுவாக. இவுக ஒங்களுக்கு என்ன வேணும்?”

தகப்பனார் கட்டிலில் இருந்தவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். “மகன்கூட வந்த விருந்தாளிங்க” என்றார்.

“தம்பி, நீங்க சொல்லுங்க.”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் தங்கை நின்றிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அவளுக்குப் பக்கத்தில் மதினி நின்றிருந்தார். இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி நேர்ந்தது.

“அய்யா சொன்னதுதாங்க” என்றேன்.

இன்ஸ்பெக்டர் இன்னும் சற்று நேரம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு வழியின்றி மதினியிடமே கேட்டார். “அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க யாரு?”

மதினிக்கு அதற்குள் நடப்பது முழுவதும் விளங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாய்ப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். வகுப்பில் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளைக்குச் சற்று அவகாசம் கொடுப்பதைப் போல் காத்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

“நான் வாத்தியாரு” என்றார் அவர். “இவுக எழுதுனது சரி.”

அவ்வளவுதான். பெட்டி முன்னமே அடுக்கி வைக்கப்பட்டிருந்ததனால் புறப்படுவதற்கு நேரம் ஆகவில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் ஆத்தாவின் எதிரில் மண்டியிட்டு, கைகுவித்து, நெற்றி நிலத்தில் படும்படி மூன்று முறை வணங்கினார். ஆத்தா குனிந்து அவர் தலையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள். வண்டி கண்மாய்க்கரை திரும்பியது. திரும்பிய பிறகு ஆத்தா தகப்பனாரைப் பார்த்து, “பதினெட்டு நாளு என் மகனுக்கு அவ கஞ்சி ஊத்துனப்ப, அவ என்ன வேணும்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சா? என்னைக் கேட்டுருந்தாச் சொல்லியிருப்பேனே” என்றாள். அவளை எவரும் கேட்கவில்லை. பெண்களைக் கேட்பது வழக்கமில்லை.

மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுவாரம் போயிருக்கலாம். தங்கையின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நின்று நானே பரிமாறினேன். அது முடிந்த நாலாம் நாள், வாழ்க்கையிலேயே சிறிய மனுவை எழுதினேன். மேற்படி பெண்மணி காலஞ்சென்ற என் தமையனின் மனைவி, என் அண்ணன் மகளின் தாய், அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று மூன்று வரிகள். வாங்கிக்கொண்ட குமாஸ்தா புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை மொதல்லயே எழுதியிருந்தா இம்புட்டு வந்துருக்காதேங்க. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாத்துருக்க மாட்டாக” என்றார்.

ஆடியில் பதில் வந்தது. அந்த மாது சமஸ்தானத்தின் பொறுப்பில் இப்பொழுது இல்லை, வடக்கே வெகுதூரத்திலுள்ள காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டுவிட்டார் என்று அதில் கண்டிருந்தது. கீழே இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது: இந்த உறவை முந்திய மனுவில் குறிப்பிடாமல் விட்டதன் காரணத்தை மனுதாரர் விளக்குக.

அந்த விளக்கத்தை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தங்கையின் கல்யாணத்தைக் காரணமாக எழுதினேன். அது தங்கையின் மேல் பழி போடுவதாகத் தோன்றியதால் கிழித்தேன். தகப்பனாரின் கட்டளை என்று எழுதினேன். மகன் எழுதத் தக்கதல்ல என்று அதையும் கிழித்தேன். கடைசியில், குறிப்பிடாமல் விட்டவன் நான், கேட்டபோது சொல்லாமல் நின்றவனும் நான் என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. அதற்குப் பின் அனுப்பியவற்றுக்கும் வரவில்லை. காவலில் இருந்தவர்களில் சிலரைக் கைதிமாற்றாகக் கப்பலேற்றி அவரவர் தேசத்துக்கு அனுப்பினார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த முகாம்களில் பலர் நோயில் இறந்தார்கள் என்று வேறொருவர் சொன்னார். இரண்டில் எது மதினிக்கு நேர்ந்தது என்பதை நான் அறியேன். முதலாவதை நம்பிக்கொண்டு படுத்த நாட்களிலும் இரண்டாவதோடுதான் விழித்தேன்.

சண்டை முடிந்து தபால் போகத் தொடங்கியதும், விகாரத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரிட்டு அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கொண்டு உறைமேல் விலாசத்தை இங்கிலீஷில் எழுதுவித்தேன். உன் தகப்பனார் ஆனி மாதத்தில் இங்கே இறந்தார், உன் தாயார் இன்ன மாதத்தில் இன்ன காரணத்தால் கொண்டுபோகப்பட்டார், அதற்குக் காரணமானவன் உன் சிறிய தகப்பன், தாயார் உன்னிடம் வந்து சேர்ந்தாரா என்பதை மட்டும் எழுது என்று கேட்டிருந்தேன். ஆண்டுக்கொன்றாக மூன்று கடிதங்கள் போயின. அவளுக்கு அப்பொழுது பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயது இருந்திருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றையும் தமிழிலேயே எழுதினேன். அந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருந்தவர் என் தமையனார் ஒருவரே.